ஆகிரி விசாரணை

பதுளை அழகியற் கல்விக் கந்தோர் என்ற அலுவலகத்தில் ஒரே ஒரு அலுமாரி இருந்தது. மேல் தட்டில் காற்றுப் போன பந்துகள், கீழ்த் தட்டில் சங்கீதம். சோதனையில் கேள்வி வராத பாடங்களுக்கு ஒரு அலுமாரியே அதிகம் என்று கொழும்பில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். அந்த அலுமாரியை ஆண்டவர் பணிப்பாளர் அருளம்பலம். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் கணக்குப் படிப்பித்தவர். கணக்குக்குப் பணிப்பாளர் கதிரை காலியில்லை, சங்கீதத்துக்கு இருந்தது, வந்து உட்கார்ந்தார். சங்கீதத்தில் அவருக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். பாட்டில் தன் பெயர் வரும் இடம்.

அந்த இடம் எல்லாப் பாட்டிலும் வந்தது. ஊவா மாகாணத்தில் சங்கீத வாத்தியார் என்றால் வரவேற்புப் பாட்டுப் பாடுகிறவர், அவ்வளவுதான். பெரியவர் யார் வந்தாலும் வாழைமரம் கட்ட வேண்டும், பிள்ளைகளை வெயிலில் நிறுத்த வேண்டும், பாட வேண்டும். கக்கூசு திறக்க வந்தாலும் பாட்டு. கக்கூசு ஏன் இன்னும் திறக்கவில்லை என்று விசாரிக்க வந்தாலும் பாட்டு. ஒருமுறை மேசை நாற்காலி ஏற்றி வந்த லொறிக்கே பாடிவிட்டார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஆள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், அதுதான் காரணம். அவன் கிளீனர். பாட்டு முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டு, அதுவரை வந்த எந்தப் பெரியவரும் சொல்லாத மாதிரி நன்றி சொல்லிவிட்டு மேசைகளை இறக்கினான்.

பசறைப் பள்ளிக்கூடத்தில் இந்த வேலையைப் பார்த்தவர் ஜெயராசா. பூனாகலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து, பதுளைக் கடைக்காரர் ஒருவரின் தயவில் தஞ்சாவூர்ப் பக்கம் போய், ஒரு வித்துவான் வீட்டில் தண்ணீர் சுமந்து விறகு பிளந்து பாட்டுப் படித்து வந்தவர். கோயில் திருவிழாவில் அவர் பாட உட்கார்ந்தால் பதுளைக் கடைக்காரர்கள் கல்லாவைப் பூட்டிவிட்டு வந்து கேட்பார்கள். அவர்கள் சாமிக்குக்கூட அப்படிச் செய்வதில்லை. அது ராத்திரிச் சங்கதி. பகலில் அதே தொண்டையால் 'வருக வருக' பாடினார்.

எல்லாருக்கும் ஒரே பாட்டுத்தான். மோகன ராகம். வருக வருக எங்கள் இன்னார் அவர்களே, பெருகப் பெருக உங்கள் பெரும்பணியே. பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார். நீளப் பெயர்க்காரர் வந்தால் தாளத்துக்கு மூச்சு முட்டும், மற்றபடி தொந்தரவில்லை. மோகனம் யார் பாடினாலும் சிரித்த முகமாயிருக்கிற ராகம். பெரியவர்களுக்கு அதனால் ஆபத்து வராது என்று ஜெயராசா நம்பியிருந்தார்.

அவருக்கு ஆசை ஒன்றே ஒன்று. வானொலியில் பாட வேண்டும். மூன்று வருடம் எழுதிக் கேட்டு, எழுபத்து நாலாம் வருடம் ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை குரல் தேர்வுக்குக் கொழும்பு வரச் சொல்லியிருந்தார்கள். தேறினால் வருடத்தில் சில தரம், அரை மணி நேரம், நடுவில் யார் பெயரையும் சொருகாமல் பாடலாம். ஆனால் அரசாங்க வாத்தியார் வானொலியில் வாயைத் திறக்கப் பணிப்பாளர் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கப் பணிப்பாளர் மனம் குளிர வேண்டும். நல்ல காலம், ஆனி மாதத்தில் அருளம்பலமே பசறைப் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்தார்.

புறப்படும்போது மனைவி மீனாம்பாள் சொல்லியனுப்பினாள். "அவரு பேர நல்லா இழுத்துப் பாடுங்க. மத்த வித்தையெல்லாம் கொழும்புல போய்க் காட்டலாம்."

இழுத்துத்தான் பாடினார். அருளம்பலம் என்ற பெயரை மூன்று விதமாக வளைத்து, நாலாவது தரம் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினார். பணிப்பாளர் கண்ணை மூடித் தன் பெயரை ரசித்தார். ஜெயராசா பக்கத்தில் போய் அனுமதி விஷயத்தை மெல்லச் சொன்னதும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று தோளில் தட்டினார்.

அந்தச் சாப்பாடு வரவில்லை.

நாட்டில் அரிசி இல்லாத காலம் அது. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் போட்டு, ரோட்டுக்கு ரோடு தடை வைத்து, பொலிஸ் பைகளைத் தடவிப் பார்த்தது. தோட்டங்களில் சனம் மரவள்ளி இலையை அவித்துத் தின்றது. அது முடிந்த இடங்களில் பெயர் தெரியாத இலைகளைத் தின்றது. தின்றவர்களில் சிலர் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை, பிறகு கங்காணி அவர்கள் பெயரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். இப்படிப்பட்ட காலத்தில் பணிப்பாளருக்குச் சம்பாச் சோறும் கோழியும் கொடுக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியர் லிங்கத்துக்குத் தோன்றியது. பதுளையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஸரூக் முதலாளியிடம் ரகசியமாகச் சொல்லி வைத்தார்.

ஸரூக் முதலாளி சோற்றுக் கிடாரத்தை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பசறை ரோட்டுத் தடையில் மறித்தார்கள். சமைத்தது சோறு, அது அரிசியில்லை என்று அவர் வாதாடினார். வெந்த அரிசி வேகாத அரிசியை விடக் கூட இடம் பிடிக்கிறது, ஆகவே குற்றமும் கூட என்று பொலிஸ் தீர்த்தது. சாட்சிப் பொருளை அங்கேயே பரிசோதித்தார்கள். கோழியோடு சேர்த்துப் பரிசோதித்தார்கள். கிடாரத்தைக் கழுவி, குற்றமற்றது என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் பணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். பிறகு வாழைமரத்தில் தொங்கிய குலையைப் பார்த்தார், அது பிஞ்சு. கடைசியில் லிங்கத்தைப் பார்த்தார். கள்ளச் சோறு பிடிபட்ட சேதி லிங்கத்துக்கு வந்திருந்தது, அதைச் சொன்னால் அவருக்கே விலங்கு. அவருடைய தகப்பன் கோயில் கச்சேரிகளில் முன்வரிசைக்காரர். தகப்பன் எப்போதோ சொன்ன ஒரு சங்கதி அந்த நெருக்கடியில் கை கொடுத்தது. காலையில் ஆகிரி ராகம் பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று பாட்டுக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அப்படி ஒரு ராகம், அழுகை ராகம்.

"காலையில பாட்டுல ஒரு மாதிரி அழுகை இருந்துச்சு சேர்," என்றார் லிங்கம். "எனக்கு அப்பவே நெஞ்சு பக்குன்னுச்சு. ஆகிரியா இருக்குமோன்னு சந்தேகம்."

அருளம்பலம் ஜெயராசாவைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அனுமதி செத்தது.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். ஆடி மாதம், அதே வெள்ளிக்கிழமை, அதே காலை. ஜெயராசா பதுளைக்கு ஓடி, அன்றைக்குக் கொழும்பில் தேர்வு, வேறு நாள் தாருங்கள் என்று கெஞ்சினார். விசாரணையிலும் பாட வேண்டி வரும், ஆகவே அவருக்குப் பாடுகிற வாய்ப்பு எதுவும் பறிபோகவில்லை என்று கந்தோர் விளக்கம் சொன்னது.

வெள்ளிக்கிழமை வந்தது. தேர்வுக்கென்று மீனாம்பாள் துவைத்து மடித்து வைத்திருந்த பட்டுக்கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு ஜெயராசா கந்தோர் விறாந்தையில் நின்றார். எந்த நிமிஷமும் கூப்பிடுவார்கள், அசையக் கூடாது என்று பியோன் சொல்லியிருந்தான். ஆகையால் தேத்தண்ணிக்குக்கூடப் போகவில்லை. உள்ளே விசாரணைக் குழு முதலில் சாப்பிட்டது. ஆகிரி சம்பந்தப்பட்ட வழக்கை வெறும் வயிற்றோடு தொடக்கூடாது என்பது பணிப்பாளரின் ஏற்பாடு. கொழும்பில் ஜெயராசா பெயரை வாசித்து, ஆள் இல்லை என்று அடுத்த பெயருக்குப் போயிருப்பார்கள் என்ற நேரத்துக்கு, உள்ளே கோழி எலும்பு உடைகிற சத்தம் கேட்டது.

குழுவில் மூன்று பேர். தலைவர் அருளம்பலம், முறைப்பாட்டுக்காரரும் அவரே. இரண்டாவது, உதவிப் பணிப்பாளர் கனகம் அம்மாள். யாரிடம் என்ன சான்றிதழ் இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை, என்ன வித்தை இருக்கிறது என்று பார்ப்பதல்ல. மூன்றாவது, தேகப்பயிற்சி அதிகாரி காமில். ஒரே அலுமாரி என்ற உறவில் வந்தவர். கழுத்தில் விசில் தொங்கியது.

பாடியது மோகனம், இதே பாட்டை இதே ராகத்தில் இதுவரை வந்த எல்லாப் பெரியவர்களுக்கும் பாடியிருக்கிறேன், எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் போனார்கள் என்று ஜெயராசா சொன்னார். நல்ல வாதம் என்று அவர் நினைத்தார். அருளம்பலத்தின் முகம் கறுத்தது. ஏனைய ஆட்களுக்குப் பாடிப் பழசான பாட்டையா தனக்குப் பாடினார் என்று கேட்டார். கனகம் அம்மாள் அதை இரண்டாவது குற்றமாகச் சேர்த்துக்கொண்டார்.

"சரி, ஒண்டு கேக்கிறன்," என்றார் அருளம்பலம். "ஆகிரி பாடினவனுக்குச் சோறு கிடைக்காது. அப்பிடித்தானே சாஸ்திரம்?"

"சொல்லுவாங்க சேர்."

"அண்டைக்கு மத்தியானம் நீர் சாப்பிட்டனீரோ?"

"இல்லீங்க சேர். யாருக்குமே வரலியே."

"அப்ப பாடியிருக்கிறீர்."

முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த மனிதர். எடுகோள், நிறுவல், முடிவு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. காமில் தலையை ஆட்டினார். விசிலும் சேர்ந்து ஆடியது.

சாட்சியைக் கூப்பிட்டார்கள். முருகையா என்கிற தோட்டத் தொழிலாளி. கல்லுமலைத் தோட்டத்து லயம். மகள் பசறைப் பள்ளிக்கூடத்தில் படித்தபடியால், அன்றைக்கு வாழைமரம் வெட்டிச் சுமந்து வந்து கட்டியவர். பாட்டைக் கேட்டாயா என்றார்கள். கேட்டேன், நல்லா இருந்தது என்றார். பாட்டுக்குப் பிறகு பசித்ததா என்றார்கள்.

"பாட்டுக்கு முந்தியே பசிச்சிச்சுங்க."

"பாட்டுக்குப் பிறகு சாப்பிட்டனீயோ, இல்லையோ?"

"இல்லீங்க. மொத நாளும் இல்லீங்க."

"மொத நாள் எங்களுக்குத் தேவையில்லை," என்றார் கனகம் அம்மாள். "பாட்டுப் பாடின நாளை மட்டும் சொல்."

முருகையா விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார். "ஐயா சொல்ற கணக்குப்படி பாத்தா, எங்க லயம் பூரா ராவும் பகலும் பாடியிருக்கணுங்க. ஒருத்தருக்கும் பாடத் தெரியாது."

சாட்சி சம்பந்தமில்லாமல் பேசுகிறான் என்று அவரை வெளியே அனுப்பினார்கள்.

மிஞ்சியது ஒன்று. ஆகிரி எப்படியிருக்கும் என்று குழுவில் யாருக்கும் தெரியாது. ஜெயராசாவையே பாடிக் காட்டச் சொல்லலாம் என்றார் காமில். பாடினால் இரவுச் சாப்பாடு என்னாவது என்று கனகம் அம்மாள் கேட்டார். அதன் பலன் நடுச்சாமத்தோடு தீருமா, மறுநாளும் தொடருமா என்று மூவரும் ஆலோசித்தார்கள். பாதி ராகம் பாடினால் பாதிச் சாப்பாடாவது தேறும் என்று காமில் ஒரு வழி சொன்னார், அது பின்னக் கணக்குச் சிக்கல் என்று தலைவர் தள்ளினார். கடைசியில், சத்தம் வராமல் ஆகிரி பாடும்படி உத்தரவாயிற்று.

ஜெயராசா கண்ணை மூடினார். காலையிலிருந்து தொண்டையில் தண்ணீர் படவில்லை. கொழும்புக்கென்று மாதக்கணக்காக வளர்த்து வைத்த குரலை வயிற்றுக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தார். மூன்று பேரும் அவருடைய உதடுகளைக் கூர்ந்து பார்த்தார்கள்.

"இதே வாய்தான்," என்றார் அருளம்பலம். "அண்டைக்கும் இதே வாய்தான்."

தீர்ப்பை அவர் எழுந்து நின்று சொன்னார்.

"கலையை மதிக்கிற கந்தோர் இது. ஒரு வித்துவானை வேலையால நிப்பாட்டினம் எண்ட பழி எங்களுக்கு வேண்டாம். உம்மைக் கல்லுமலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாத்துறன். அங்க நீர் எந்த ராகத்தையும் எந்த நேரமும் பாடலாம். கெட்டுப்போறதுக்கு அங்க சாப்பாடு எண்டு ஒண்டும் இல்லை."

"பின்தங்கின பிள்ளையளுக்கும் சங்கீதம் போய்ச் சேரும்," என்று கனகம் அம்மாள் மனம் நிறைந்து சொன்னார்.

அனுமதி விஷயம் கேட்ட ஜெயராசாவுக்கு, இன்னொரு தேர்வு வரும், அதற்குள் திருந்தினால் பார்க்கலாம் என்று பதில் கிடைத்தது.

கந்தோர் அத்தோடு ஓயவில்லை. மாகாணத்துச் சங்கீத வாத்தியார்கள் எல்லாரும் தங்களிடம் ஆகிரி ராகம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் கந்தோரில் ஒப்படைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை போயிற்று. பெரும்பாலானோர் தங்களிடம் இல்லை என்று எழுதினார்கள், அது உண்மையும்கூட. பண்டாரவளை வயலின் டீச்சர் ஹம்ஸியா, தான் ஆகிரியில் பாதிதான் படித்ததாகவும் அதையும் மறந்துவிட்டதாகவும் நேரில் வந்து சொல்லி மன்னிப்புக் கேட்டார். வரவேற்புப் பாட்டு இனிமேல் விருந்தினர் சாப்பிட்ட பிறகே பாடப்பட வேண்டும் என்றும் விதி வந்தது. லிங்கத்துக்கு, ஆபத்தான ராகத்தை முதலில் கண்டுபிடித்தவர் என்று பதவி உயர்வு கிடைத்தது.

கல்லுமலையில் பள்ளிக்கூடம் என்பது நாலு தூணும் தகரமும். முன்பு தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவமாக இருந்தது. முதல் நாள் ஜெயராசா 'ச' என்று சுருதி பிடித்துக் காட்டிப் பிள்ளைகளைப் பிடிக்கச் சொன்னார். பிடித்து நிறுத்த அவர்களுக்கு மூச்சு இல்லை. நீட்டிப் பிடித்த ஒரு பெண் பிள்ளை மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு அவர் குறுகிய சுரங்களாகச் சொல்லிக் கொடுத்தார். பிறகு உட்கார்ந்தே பாடச் சொன்னார். பிறகு படுத்துக்கொண்டு கேட்டால் போதும் என்றார். வகுப்பில் ஆட்கள் குறைந்தார்கள். இடாப்பில் பெயர் கூப்பிடும்போது சில பெயர்களுக்கு மற்றப் பிள்ளைகள் காட்டு மலைப் பக்கமாகக் கையை நீட்டினார்கள். லயத்துச் சனத்தைப் புதைக்கிற இடம் அது.

ஒரு நாள் முருகையா வந்து தூணில் சாய்ந்து நின்று பாட்டைக் கேட்டார். மகளை அவர் இப்போது பசறைக்கு அனுப்புவதில்லை, அவளுக்கு நடக்க முடியவில்லை என்று இங்கேயே சுமந்து வந்து விட்டுப் போனார்.

"ஏன் வாத்தியாரே, சோத்தக் கெடுக்கிற ராகம் இருக்குன்னா, சோத்தக் கொண்டார்ற ராகமும் ஒண்ணு இருக்கணும்ல?"

"இருக்கு முருகையா. அது கந்தோர்க்காரங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

ஐப்பசியில் பணிப்பாளர் வருவதாகத் தகவல் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு மூலையைப் பலகையால் மறைத்துச் 'சங்கீத அறை' என்று எழுதச் சொல்லியிருந்தார்கள், அதைத் திறக்க வருகிறார். கார்த்திகையில் கொழும்பில் மறுபடி குரல் தேர்வு என்று ஜெயராசாவுக்கும் தெரியும். மீனாம்பாள் இந்தத் தரம் ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. வீட்டில் முந்திய நாளிலிருந்து அடுப்பு மூட்டவில்லை, பேசி என்ன ஆகப் போகிறது.

ஜீப் வந்தது. முதலில் பியோன் இறங்கினான், கையில் ஐந்தடுக்குச் சாப்பாட்டுக் கேரியர். விதிப்படி முதலில் சாப்பாடு. அருளம்பலம் சங்கீத அறைக்குள் மேசை போட்டு உட்கார்ந்தார். அறை அப்படித்தான் திறக்கப்பட்டது. வெளியே பிள்ளைகள் வரிசையாய்க் கொடி பிடித்து நின்றார்கள். பலகைக்கு மேலால் குழம்பு வாசம் வந்தது. கொடிகள் எல்லாம் அந்தப் பக்கமாகச் சாய்ந்தன. மூன்று அடுக்குக் காலியாயிற்று. மற்ற இரண்டை அவர் வேண்டாமென்று தள்ளி வைத்து, ஏப்பம் விட்டு, பாடலாம் என்று கையைக் காட்டினார்.

ஜெயராசா 'வருக வருக' பாடவில்லை. ஆகிரியை எடுத்தார்.

எதற்கு எடுத்தார் என்று அவரைக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கொழும்பில் பாடாமல் போன பாட்டு, கந்தோரில் வயிற்றுக்குள் அழுத்திய பாட்டு, காட்டு மலைப் பக்கம் நீண்ட கைகள் எல்லாம் அந்த ராகத்துக்குள் இறங்கின. பிறந்ததிலிருந்து அவர் அப்படிப் பாடியதில்லை. முருகையா தூணைப் பிடித்துக்கொண்டார். ஜீப்புக்காரன் என்ஜினை நிறுத்தினான். நிறைந்த வயிற்றோடு அருளம்பலம் கண்ணை மூடியிருந்தார், மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, வாயோரம் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையில் நின்றது.

"என்ன ராகம், ஐசே?"

"மோகனம், சேர்."

"இதெல்லோ மோகனம். இதை நீர் அண்டைக்கே பாடியிருந்தா இவ்வளவு கரைச்சல் வந்திருக்குமோ?" அவர் வேட்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "உமக்கு அனுமதி தாறன். கார்த்திகையில போய்ப் பாடும். ஆனா இந்த மோகனத்தை மட்டும்தான் பாட வேணும், மோகனம் எண்டு சொல்லித்தான் பாட வேணும். வானொலியில நான் கேப்பன். இந்த மெட்டு எனக்கு மறக்காது. வேற ஏதும் பாடினீரோ, பிறகு விசாரணைதான்."

ஜெயராசா மனதுக்குள் கணக்குப் போட்டார். மோகனம் என்று சொல்லி ஆகிரியைப் பாடினால் கொழும்பில் ராகம் தெரிந்தவர்கள் முதல் வரியிலேயே எழுந்து போகச் சொல்வார்கள். மோகனத்தையே பாடினால் பதுளையில் விசாரணை. கேட்டது கிடைத்துவிட்டது, அதை எடுத்துக்கொண்டு போகத்தான் ஒரு வழியும் இல்லை.

"இன்னொருக்காப் பாடும்," என்றார் பணிப்பாளர்.

இரண்டாம் தரம் பாடத் தொடங்கியபோது பியோன் கேரியரைக் கழுவ வெளியே எடுத்துப் போனான். மிச்சமிருந்த இரண்டு அடுக்குச் சோற்றையும் தேயிலைச் செடிகளுக்குள் கவிழ்த்துத் தட்டினான். வரிசை உடைந்தது. கொடிகள் அப்படியே கிடந்தன. நடக்க முடியாது என்று முருகையா சொன்ன மகளும் ஓடினாள்.

பணிப்பாளர் கண்ணைத் திறந்து பார்த்தார். எதிரே ஒரு பிள்ளையும் இல்லை. இந்தச் சனத்துக்கு எவ்வளவு நல்ல சங்கீதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாலும் ருசி வராது என்று வருத்தப்பட்டார். ஜீப்பில் ஏறும்போதும் அதையே சொல்லிக்கொண்டு போனார்.

ஜீப் வளைவு திரும்பும் வரை ஜெயராசா பாடினார். நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. சத்தம் அடங்கியதும் பட்டுக்கரை வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கி, பியோன் தட்டிய இடத்துக்குப் போனார். குனிந்து செடிகளின் அடியை விலக்கிப் பார்த்தார். பிள்ளைகள் மண்ணைக்கூட வழித்திருந்தார்கள். ஒரு பருக்கை இல்லை.

ஆகிரி பாடினவனுக்குச் சோறு கிடைக்காது. கந்தோர் சொன்னவற்றில் அந்த ஒன்று மட்டும் சரியாயிருந்தது.